கிளிப் போட்ட டீச்சரும் நாற்றங்கால் பதக் கஞ்சியும்

நான் வேலையிலிருந்து நின்ற நான்காவது மாதம் கிளினிக்கிலிருந்து நித்யா போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண் அவள்.

"அக்கா, ஒரு உதவி. பல்லு பிடுங்கினவங்களுக்கும் கிளிப் போட்டவங்களுக்கும் என்ன சாப்பிடணும்னு நீங்க சொல்வீங்கள்ல, அதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"அதுக்குத்தான் தாள் அடிச்சு வெச்சிருக்கீங்களே?"

"அந்தத் தாள்லதான்க்கா பிரச்சினையே."

புதிதாக வந்திருக்கும் சின்ன டாக்டர் இன்டர்நெட்டில் பார்த்துத் தயாரித்த தாள் அது. முதல் வரியில் அவகாடோ. அடுத்த வரியில் ஆப்பிள் கூழ், அதற்கடுத்து ஸ்மூத்தி. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்து இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போன ஒருவர், அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி கும்பகோணம் கடைத்தெருவில் அவகாடோ தேடியிருக்கிறார். இரண்டு பழக்கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் படத்தைப் பார்த்துவிட்டு, "அது நம்ம ஊருக்கு வராதுங்க. இதுவும் பச்சையாத்தான் இருக்கும்" என்று இரண்டு கொய்யாக்காயைக் கொடுத்தனுப்பிவிட்டார். பாவம், பசியில் கடித்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் சட்டையெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்து, தாளை மேசைமேல் வைத்து, "நீங்க எழுதினதைத்தான் சாப்பிட்டேன்" என்றாராம்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். சாப்பாட்டு வகைகள் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. நித்யா கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அதைச் சாப்பிட்டவர்களோ, சாப்பிட மாட்டேன் என்று என்னிடம் சண்டை போட்டவர்களோ ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு அரைப் பக்கம் போதவில்லை.

நான் நர்ஸ் படித்தவள் இல்லை. ப்ளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்திருந்தேன். சீட்டு எழுதும் வேலை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். முதல் வாரத்தில் ரத்தத்தைப் பார்த்து இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இரண்டாவது முறை விழுந்தது காத்திருந்த ஓர் அம்மாளின் மடியில். அவர் தன் பல்வலியை மறந்து எனக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பிறகு பழகிவிட்டது. இடுக்கி எது, உளி எது, எந்த ஊசி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே எடுக்கத் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் எல்லோரும் 'சிஸ்டர்' என்றார்கள். முப்பத்திரண்டு வருடம் சிஸ்டராகவே இருந்துவிட்டேன்.

எங்கள் டாக்டர் பேச்சைச் சிக்கனமாக வைத்திருந்தவர். 'திறங்க', 'மூடுங்க', 'கொப்புளிங்க' என்ற மூன்று சொல்லில் அவருக்குப் பாதிப் பகல் ஓடிவிடும். வலிக்குமா என்று கேட்டால், "கொஞ்சம் தெரியும்" என்பார். ஊசி போடும்போதும் அதே பதில்தான். கடைவாய்ப் பல்லை நான்கு துண்டாக உடைத்து எடுக்கும்போதும் அதே பதில்தான். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். முகக்கவசத்தைக் கழற்றுவார். அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டார் என்றால் விஷயம் பெரியது என்று எங்களுக்குத் தெரியும்.

தொடக்கத்தில் சாப்பாட்டு விஷயத்தையும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம்: "ரெண்டு நாளைக்கு சாஃப்டா சாப்பிடுங்க."

இப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு டிராக்டர் டிரைவர், மூன்றாம் நாள் கன்னம் பணியாரமாக வீங்கி வந்து நின்றார். நான்தான் விசாரித்தேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"தட்டை."

"தட்டையா? டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"சாப்ட்டா சாப்பிடுங்கன்னாரு. சாப்ட்டா சாப்பிடுங்க, இல்லாட்டி வுடுங்கன்னு நம்ம இஷ்டத்துக்கு வுட்டுட்டாருன்னு நெனச்சேன்."

உள்ளே டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மோவாயால் என்னைக் காட்டி, "சிஸ்டர் சொல்லுவாங்க" என்று சொல்லத் தொடங்கினார். அப்படித்தான் இந்தப் பொறுப்பு என் தலையில் வந்தது.

பல் பிடுங்கியவருக்கு முதலில் சொல்ல வேண்டியது சாப்பாடு அல்ல. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயை மூடியிருக்க வேண்டும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். இதுதான் நம் ஆட்களுக்கு முடியாத காரியம். துப்பினால் ரத்தம் உறையாது. ரத்தம் நிற்கவில்லையே என்று பயந்து இன்னும் துப்புவார்கள். உறிஞ்சு குழல் போட்டு இளநீர் குடிக்கக் கூடாது, உறிஞ்சினால் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு வரும். அன்று முழுக்கச் சூடாக எதுவும் கூடாது. ஐஸ்கிரீம் சாப்பிடலாம், முந்திரி போடாதது. பிறகு ஆறின தயிர் சாதம்.

குழைவாகச் சாப்பிடுங்கள் என்றால் ஆளுக்கு ஆள் ஒரு குழைவு வைத்திருக்கிறார்கள் என்பதையும் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டுவேன். "இந்த ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சா நசுங்கணும். அழுத்திப் பாக்கக் கூடாது, சும்மா தொட்டாலே நசுங்கணும். பல்லுக்கு வேலையே இருக்கக் கூடாது, நாக்கும் அண்ணமும் போதும்." இதைச் சொன்ன பிறகுதான் ரசம் சாதம், பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதம், தேங்காய்ப்பாலில் ஊறின இடியாப்பம், பாலில் கரைத்த இட்லி, நொய்க்கஞ்சி, கேழ்வரகுக் கூழ், முள்ளெடுத்த மீன் என்று வரிசையாகச் சொல்வேன்.

சூடான காபி கூடாது என்பதுதான் பெரிய சண்டை. தாராசுரத்திலிருந்து வந்த பட்டுத் தறிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். காபியை ஆற வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றதும் பஞ்சைக் கடித்த வாயோடு எழுந்து நின்றுவிட்டார். பேசக் கூடாது என்பதால் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, 'பல் இடது பக்கம்தானே?' என்று எழுதிக் காட்டினார். ஆமாம் என்றேன். 'வலது பக்கமா ஊத்திக்கிட்டா?' என்று எழுதினார். முடியாது என்றேன். சாயங்காலம் அவர் மனைவி போன் செய்து, "சிஸ்டர், இந்த மனுசன் பெஞ்சில வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு டபரால காப்பி குடிக்கிறாரு. காதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கும் அங்கயே பாப்பீங்களா?" என்றார்.

கிளிப் போட்டவர்கள் விஷயம் வேறு. பல்லோடு ஒட்டிய சின்னச் சின்ன உலோக வில்லைகள், அவற்றைக் கோத்து ஒரு கம்பி. மாதம் ஒரு முறை கம்பியை முறுக்குவோம். முறுக்கின நான்கு நாளைக்கு எல்லாப் பல்லும் சேர்ந்து வலிக்கும், இட்லி பட்டால்கூடக் கூசும். வலி போன பிறகும் கடினமான எதையும் கடிக்கக் கூடாது, வில்லை கழன்றுவிடும். பொங்கல் வாரத்தில் கம்பி முறுக்குவதில்லை என்று டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அப்படியும் பொங்கல் முடிந்த மறுநாள், கழன்ற வில்லையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு மாடிப்படிவரைக்கும் வரிசை நிற்கும். கரும்பு கடித்தீர்களா என்று கேட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை. "இட்லிதான் சாப்பிட்டேன் சார்" என்பார்கள். டாக்டர் கம்பி இடுக்கிலிருந்து கரும்புச் சக்கையை இடுக்கியால் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார்.

"இட்லி" என்பார். அவ்வளவுதான்.

இனி மலர்க்கொடி டீச்சர் கதைக்கு வருகிறேன்.

அவர் முதலில் எங்களிடம் வந்தது மகளைக் கூட்டிக்கொண்டு. அரசலாற்றங்கரையில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து இவரைப் படிக்க வைத்திருக்கிறார்கள். டீச்சர் டிரெயினிங் முடித்து, பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தார். கணவர் தமிழரசன் விவசாயம், கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மகள் கிளிப் போட்டிருந்த இரண்டு வருடமும் நான் சொன்னதையெல்லாம் டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் வரும்போது, "சேமியாவைப் பால்ல வேகவெச்சுக் குடுத்தேன், நல்லா எறங்குச்சு. கீரைதான் கம்பியில மாட்டிக்கிது சிஸ்டர், அரைச்சுக் குடுக்கலாமா?" என்று எனக்கே புதிது புதிதாகச் சொல்வார். அந்தப் பெண் கிளிப் போட்டு இரண்டு கிலோ ஏறியது.

மகளுக்குக் கிளிப்பைக் கழற்றிய அன்று, அவள் கண்ணாடி முன்னால் இளித்துக்கொண்டிருந்த நேரத்தில், டீச்சர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், இதுக்கு வயசு வரம்பு ஏதும் இருக்கா?"

"யாருக்குக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க கேட்டாங்க."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"எந்த ஊரு?"

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இங்கதான் நிக்கிறாங்க" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு வருடமாக வருகிறார், அவர் பல்லை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பேசும்போது மேலுதட்டை இழுத்து மூடியபடி பேசுவார். சிரித்தால் கை வந்துவிடும்.

டாக்டர் ஈறைச் சோதித்தார், எக்ஸ்ரே எடுத்தார். "போடலாம். ரெண்டு வருஷம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் தெரியும்" என்பதையும் சேர்த்துக்கொண்டார். கிளிப் மாட்டி முடித்து, வழக்கம்போல் மோவாயால் என்னைக் காட்டினார். நான் தொடங்குவதற்குள் டீச்சர், "எல்லாம் தெரியும் சிஸ்டர், பொண்ணுக்குச் செஞ்சதுதானே" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். என் வேலையில் நான் செய்த பெரிய தவறு அது.

மூன்றாவது மாதம், முறை வைத்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, டீச்சரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு ஒருவர் மாடியேறி வந்தார். முழங்கால்வரை காய்ந்த சேறு. வேட்டியை இறக்கிவிடக்கூட மறந்திருந்தார். அவர்தான் தமிழரசன். காத்திருந்தவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேராக உள்ளே போனார்.

"சார், இதைக் கழட்டுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலைல பிரேயர்ல மயங்கி வுழுந்துட்டா சார். புள்ளைங்கள்லாம் அழுவுது. வயல்ல நின்னவனக் கூப்புட்டாங்க, வந்து பாத்தா, சிமெண்டுத் தரையில கெடக்குறா. ஊருல டீச்சருக்கு என்னமோ பெரிய வியாதின்னு பேசிக்கிறாங்க. எங்கிட்டயே வந்து எந்த ஆஸ்பத்திரியில பாக்குறீங்கன்னு கேக்குறான். இந்த வயசுல இந்தக் கம்பி தேவையா சார்? கழட்டுங்க."

"கழட்ட வேணாம் சார்" என்றார் டீச்சர். குரல் மெலிந்திருந்தது. ரவிக்கையின் கை முழங்கைப் பக்கம் தொளதொளவென்று தொங்கியது.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"சாப்பிட்டேன் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். இது என் வேலை. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டீச்சருக்கு நேராக உட்கார்ந்தேன்.

"காலைல என்ன டீச்சர்?"

"இட்லியும் வெங்காயச் சட்னியும் பண்ணேன். காரம் கன்னத்துல பட்டா எரியுது. டீ குடிச்சிட்டுக் கெளம்பிட்டேன்."

"மத்தியானம்?"

"சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல்."

"அது வீட்டுக்கு. நீங்க?"

"அதேதான் டப்பால எடுத்துட்டுப் போனேன்." கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மோர் குடிச்சேன்."

"சாயங்காலம் வந்து?"

"இவருக்குச் சப்பாத்தின்னா பிடிக்கும். சப்பாத்தி போட்டேன்."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?"

"பன்னு. டீயில தொட்டு."

தமிழரசன் கதவோரம் நின்றபடி, "மோரா?" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாத மாதிரி இன்னொரு தடவை, "மூணு மாசமா மோரா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்ணுக்கு நாலு விதமா செஞ்சு போட்டீங்களே டீச்சர், நோட்டு போட்டு எழுதினீங்களே! உங்களுக்கு அந்தக் கஞ்சியை வெச்சுக்க என்ன?"

"அது புள்ளைக்கு, சிஸ்டர். எனக்குன்னு தனியா ஒரு ஒலை வெக்கிறதா? நானே ஆக்கி, நானே ஒக்காந்து தின்னா நல்லாவா இருக்கும்?"

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையால் வாயை மூடிக்கொண்டு.

"அப்பறம் எதுக்கு இந்தப் பாடு? கழட்டிடலாம் மலரு" என்றார் தமிழரசன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. மடியில் கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேசினார். "சின்ன வயசுல என்னைத் தேங்காத்துருவின்னுதான் கூப்புடுவாங்க சிஸ்டர். பழகிடுச்சு. வாய மூடிக்கிட்டே இருந்துட்டேன். கல்யாணத்துல போட்டோக்காரரு சிரிங்கம்மா சிரிங்கம்மான்னு கத்துறாரு, நான் ஒதட்ட இறுக்கிக்கிட்டு நிக்கிறேன். ஆல்பம் பாத்தவங்கள்லாம் பொண்ணுக்குச் சம்மதம் இல்லாம கட்டி வெச்சீங்களான்னு எங்கம்மாகிட்ட கேட்டாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் வரும்ல, அந்தப் போட்டோலயாச்சும் சிரிக்கலாம்னு நெனச்சேன்."

"நானும் அப்புடித்தான் நெனச்சிருந்தேன்" என்றார் தமிழரசன்.

"எப்புடி?"

"ஒனக்குச் சம்மதம் இல்லன்னு."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இருபத்திமூணு வருசமாவா?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அவர்.

டாக்டர் முகக்கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார், கன்னத்தில் குத்திய முனையை நறுக்கி மெழுகு வைத்தார். முடித்துவிட்டு மோவாயால் என்னைக் காட்டினார். ஆனால் இந்தத் தடவை அவர் 'சிஸ்டர் சொல்லுவாங்க' என்றது டீச்சரைப் பார்த்து இல்லை, தமிழரசனைப் பார்த்து.

அவர் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து உரக்கடைச் சீட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சிஸ்டர். மெதுவா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இரண்டு விரல் கணக்கையும் காட்டினேன். அவர் தன் இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்ச்சுப்போன விரல். அதற்கு நடுவில் வைத்தால் பாக்குகூட நசுங்கும் என்று தோன்றியது. அதனால் டீச்சர் விரலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் காலை கிளினிக் திறந்தவுடன் போன்.

"சிஸ்டர், தமிழரசன் பேசுறேன். நொய்க்கஞ்சி அடுப்புல கெடக்கு. கொழையணும் கொழையணும்னீங்களே, எந்த அளவுக்கு? நடவுச் சேறு மாதிரியா, நாத்தங்கால் சேறு மாதிரியா?"

எனக்கு விளங்கவில்லை. "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"என்ன சிஸ்டர் இப்புடிக் கேக்குறீங்க? நடவுச் சேத்துல கட்டி கெடக்கும், மெதிச்சா காலுல படும். நாத்தங்கால்னா பரம்படிச்சு சமமாக்கி, மெத்துன்னு, மேலால தண்ணி கண்ணாடியாட்டம் நிக்கும்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். டாக்டர் ஒருவர் வாய்க்குள் கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தார். நான் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள், தலையைத் தூக்காமலே, "நாத்தங்கால்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் எனக்கும் அதுதான் பாஷை. பருப்பு சாதம் என்ன பதம்? நாற்றங்கால். கூழ்? நாற்றங்காலில் தண்ணீர் கட்டின பதம். முட்டைப் பொரியல்? ஈரம் காயாத வரப்பு.

முதல் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து காட்டவும் செய்தார். கரண்டி அதில் நட்டுவைத்த கம்பமாக நின்றது. சுவரொட்டி ஒட்ட உதவும். டாக்டர் கைகழுவிக்கொண்டு வந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டார், நாக்கில் உருட்டினார், "உப்பு" என்றார். தமிழரசன் உரக்கடைச் சீட்டை எடுத்து 'உப்பு' என்று குறித்துக்கொண்டார். நான்கு நாளில் உப்பு வந்தது, பத்து நாளில் பதம் வந்தது. சீரகம் தாளித்து ஒரு கரண்டி நெய் விட்டு அவர் அடுத்த முறை கொண்டுவந்த கஞ்சியை நான் மதியச் சாப்பாடாகவே வைத்துக்கொண்டேன்.

சம்பா நடவு நேரத்திலும் அவர் விடவில்லை. பதினொன்றரைக்கு வயலிலிருந்து ஏறி, வீட்டுக்குப் போய்க் கஞ்சியைக் கரைத்து, வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி வயலில் இறங்குவார். நடவுப் பெண்கள், "அண்ணே, எங்களுக்கும் ஒரு வாய் கொண்டாங்க, எங்களுக்கும் பல்லு வலிக்கிது" என்று வரப்பெல்லாம் சிரித்தார்களாம். பள்ளியில் முதல் நாள் அவரைப் பார்த்த பிள்ளைகள், பெரிய ஆபீசர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஒன்றாம் வகுப்பு அவருக்கு 'கஞ்சி சார்' என்று பெயர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பெருமை கூடியதும் துணிச்சலும் கூடியது. கஞ்சியும் கூழும் போதாது, உடம்பில் சத்து ஏற வேண்டும் என்று பூம்புகாரிலிருந்து வண்டியில் வரும் மீன்காரரிடம் சுறா வாங்கி, வேகவைத்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் பொடியாக நறுக்கிப் போட்டு சுறாப் புட்டு செய்துவிட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தால் நசுங்கத்தான் செய்கிறது. ஆனால் உதிரும் பண்டம் கிளிப்புக்கு ஆகாது என்பதை நான் சொல்லத் தவறியிருந்தேன். மறுநாள் டீச்சர் வாயைத் திறந்தபோது இருபத்தெட்டுப் பல்லிலும் சுறா. கம்பிக்கு மேலே பூண்டு, கம்பிக்குக் கீழே இஞ்சி. சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுத்தம் செய்தேன். காத்திருந்தவர்களில் இரண்டு பேர், "மேல மெஸ் ஏதும் தொறந்திருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டார்கள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

டீச்சர் வாயைத் திறந்துவைத்தபடியே கண்ணாலேயே 'ரொம்ப' என்றார்.

அந்த வருடம் முடிவதற்குள் அவர் ரவிக்கைகளின் கையைத் திரும்பப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஊரில் வியாதிப் பேச்சு நின்று, டீச்சர் ஏதோ டானிக் சாப்பிடுகிறார் என்ற பேச்சு வந்தது. மூன்று பேர் அந்த டானிக்கின் பெயரைக் கேட்டுக்கொண்டு கிளினிக்குக்கே வந்தார்கள்.

இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகி, கழற்றும் நாள் வந்தது. தமிழரசன் சலவை வேட்டி சட்டையில் வந்து, கல்யாண வீட்டில் உட்காருகிற மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் இடுக்கியால் ஒவ்வொரு வில்லையாக நெருக்கினார். டிக் டிக்கென்று ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, பல்லைத் தேய்த்து மெருகேற்றி, நாற்காலியை நிமிர்த்தினார். நான் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன்.

டீச்சர் அதில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கை வெளியே விடாமல் உள்ளேயே பல்லின் மேல் ஓட்டிப் பார்த்தார். "வழுவழுன்னு இருக்கு" என்றார்.

"இனிமே எல்லாம் சாப்பிடலாமா சிஸ்டர்?" என்று தமிழரசன் எழுந்து வந்தார்.

"சாப்பிடலாங்க."

"வறுவல்? முறுக்கு?"

"எல்லாந்தான்."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சிது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைலேந்து எல்லாம் பழையபடி."

சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் நான் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கண்ணாடி மெதுவாக மடிக்கு இறங்கியது. மேலுதடு பழைய மாதிரி இழுத்து மூடிக்கொண்டது.

என் கையில் ரிட்டெய்னர் பெட்டி இருந்தது. கிளிப் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் தகடு அது. சாப்பிடும்போது அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். டீச்சரின் மகளுக்கும் சொல்லியிருக்கிறேன், அப்போது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழரசனுக்கு இது தெரியாது. அந்தப் பெண் தகடு வாங்கிய கையோடு திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

நான் பெட்டியைத் திறந்து அவரிடம் காட்டினேன். "இத ராவும் பகலும் போட்டிருக்கணுங்க."

"இதப் போட்டுக்கிட்டு எப்புடி சிஸ்டர் சாப்புடுறது?"

"கஷ்டந்தான்" என்றேன். "கொழைவாத்தான் சாப்பிடணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"ஒரு வருஷமாச்சும் ஆகும்."

கைகழுவிக்கொண்டிருந்த டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். அத்தனை வருடத்தில் நோயாளியிடம் நான் ஒரு தவறான வார்த்தை சொன்னதில்லை, அவர் முன்னால் சொன்னதேயில்லை. அவர் என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தோளில் துண்டோடு நின்ற தமிழரசனைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். வழக்கப்படி கை வாயை நோக்கி எழுந்தது. பாதி வழியில், மடியிலிருந்த கண்ணாடியில் அந்தக் கை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்படியே நின்றது. பிறகு இறங்கி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தமிழரசனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவியபடி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப சேமியாவையும் சேத்துக்கலாமா சிஸ்டர்? கஞ்சி அவளுக்கு அலுத்துப்போயிருக்கும்."